என்சி16: ஒரு வாசகர் வட்டத்தில் நடந்ததும் அதற்குப் பிறகும்

என்சி16 என்பது சிங்கப்பூரில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்க அனுமதி இல்லாத படங்களுக்குத் தரும் தரம். அதனால் ரத்தான ஒரு படக் காட்சியையும் அதன் விளைவுகளையும் பற்றியது இது; 2022க்கும் 2025க்கும் இடையில் நடந்தது. சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை அவர் கேட்டபடி மாற்றியிருக்கிறேன். இங்கே அவருக்கு ‘நண்பர்’ என்றே பெயர். நான் அந்த அறிவியல் புனைவு வாசகர் வட்டத்தின் ஏற்பாட்டாளர்களில் ஒருத்தி. வேலை பார்ப்பது சமூக சேவைத் துறையில்தான் என்றாலும் நண்பருக்கு நான் ஆலோசகராக இருந்ததில்லை.

வாசகர் வட்டம், திரைப்படக் குழு, கேம் விளையாடும் கூட்டம் என்று எதையாவது நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தன்பாலீர்ப்பு கொண்ட ஒருவர் பிறந்த நாட்டிலேயே தான் வேண்டாதவர் என்று உணர்வதற்கு யாரும் அவரை ஒரு வார்த்தை திட்ட வேண்டியதில்லை. இந்த நிகழ்வில் கடைசி வரை யாரும் திட்டவே இல்லை.

பின்னணி

நண்பர் 1989இல் பிறந்தவர். மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர், தமிழர். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நண்பர் வளர்ந்தது ஈசூனில், வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடியில். பேட்டை நூலகத்தில் சிறுவர் பகுதியைத் தாண்டியதும் அவர் போய் நின்ற அலமாரி அறிவியல் புனைவு. ஏன் அது என்று வட்டத்தில் ஒருமுறை பேச்சு வந்தபோது அவர் சொன்னது: “மத்த கதை எல்லாம் கல்யாணத்துல போய் முடியும். இதுல கிரகம் விட்டுக் கிரகம் போறாங்க, ஒருத்தரும் ‘எப்பப்பா கல்யாணம்’னு கேக்கல.” எல்லாரும் சிரித்தோம். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது அப்போது எங்களில் மூன்று நான்கு பேருக்குத்தான் தெரியும்.

அவர் அடிக்கடி சொல்லும் ஆண்டு 2007. அந்த அக்டோபரில் தண்டனைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ‘இயற்கைக்கு மாறான’ உறவு என்று சொல்லித் தண்டித்த 377ஆவது பிரிவு நீக்கப்பட்டது. ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதித்த 377ஏ மட்டும் அப்படியே இருந்தது. 1938இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த பிரிவு அது. முனைந்து அமல்படுத்த மாட்டோம், ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் என்பது அரசாங்கத்தின் அன்றைய நிலை. அடுத்த மாதமே ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விண்வெளி கேமை அப்போதைய ஊடக மேம்பாட்டு ஆணையம் தடை செய்தது. காரணம், அதில் ஒரு மனிதப் பெண்ணும் பெண் உருவம் கொண்ட வேற்றுக்கிரகவாசியும் நெருங்கும் காட்சி. சில நாள்களில் தடை விலகியது. எம்18, அதாவது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையோடு கேம் கடைக்கு வந்தது.

நண்பருக்கு அப்போது சரியாக 18. “நாடாளுமன்றத்துல என்ன பேசினாங்கன்னு நான் படிக்கல அக்கா. கேமைத் தடை பண்ணது மட்டும் என்னையே சொன்ன மாதிரி இருந்துச்சு” என்றார். நூலகத்திலும் திரையிலும் அவர் தனக்கென்று கண்டுபிடித்த ஓர் ஊர் இருந்தது. அதன் வாசலுக்கே ஆணையம் வந்துவிட்டது என்பது அவருடைய கணக்கு. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும். அதனால்தான் இவ்வளவு தூரம் பின்னே போனேன்.

ஜூன் 2022

பள்ளி விடுமுறை. கொவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, மாதக் கூட்டத்தை நேரில் நடத்தத் தொடங்கியிருந்தோம். எங்கள் வட்டத்தில் பிள்ளைகளோடு வருபவர்கள் அதிகம். எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாம் என்று முடிவானது. ஜூன் 16 வெளியாகவிருந்த ‘லைட்இயர்’ அசைவூட்டப் படத்தை முன்மொழிந்தவர் நண்பர். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான பொம்மை வீரன், விண்வெளி, காலத்தில் முன்னே தாவுதல் என்று எல்லாமே இருந்தது. ஏற்பாட்டையும் அவரே எடுத்துக்கொண்டார். கூகல் விரிதாளில் பெயர், வயது, சோளப்பொரி இனிப்பா உப்பா, கடலை ஒவ்வாமை உண்டா என்று வரிசை வரிசையாகப் போட்டிருந்தார். ஒன்பது பிள்ளைகள். வயது ஏழிலிருந்து பதினான்கு வரை.

படம் வெளியாகச் சில நாள் இருக்கும்போது தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் அதற்கு என்சி16 தரம் கொடுத்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. படத்தில் இரண்டு பெண்கள் தம்பதி. குழந்தை வளர்க்கிறார்கள், முதுமை அடைகிறார்கள், ஒரு கணம் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். தன்பால் உறவை வெளிப்படையாகக் காட்டும் முதல் வணிகச் சிறுவர் அசைவூட்டப் படம் இது என்பது ஆணையம் சொன்ன காரணம். சிறியவர்களுக்கு வெட்டிய பதிப்பு, பெரியவர்களுக்கு முழுப் பதிப்பு என்று இரண்டாக வெளியிடும் யோசனையையும் ஆணையம் முன்வைத்தது. படத்தை வெளியிடும் நிறுவனம் அதற்கு ஒப்பவில்லை. ஜொகூருக்குப் பேருந்து பிடிக்கலாமா என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். மலேசியத் திரையரங்குகளில் அந்தப் படம் வரவே இல்லை.

விரிதாளில் ஒன்பது பெயர்களையும் நண்பர் கோடு போட்டு அடித்தார், அழிக்கவில்லை. சோளப்பொரி, ஒவ்வாமை விவரங்கள் அப்படியே இருந்தன. பெற்றோரை ஒவ்வொருவராக அவரே அழைத்துச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு தந்தை மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினார்: “பரவாயில்லை தம்பி. அடுத்த தடவை ஃபேமிலி படமா பாத்து எடுங்க.” அவருக்கு நண்பரைப் பற்றி எதுவும் தெரியாது. நல்ல மனிதர், இன்றும் எங்கள் கூட்டத்துக்கு முதலில் வந்து நாற்காலி போடுகிறவர்.

வட்டம் எடுத்த முடிவு

ஏற்பாட்டாளர்கள் அன்றிரவு பேசினோம். பெரியவர்கள் மட்டும் போகலாம், வேறு படம் பார்க்கலாம், ரத்து செய்யலாம் என்ற மூன்று வழிகள் இருந்தன. பிள்ளைகளுக்காகவே போட்ட திட்டம் என்பதால் முதலாவதில் அர்த்தமில்லை. வேறு படத்துக்கு நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்து என்று முடிவானது. அதுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் அறிவிப்பில் வந்தது. ‘படத்துக்கு என்சி16 கொடுத்துவிட்டதால் ரத்து. காரணம் அதில் வரும் இரு பெண்களின் குடும்பம்’ என்று வெளிப்படையாக எழுதச் சொன்னார் நண்பர். நாங்கள் எழுதியது ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’. எங்களுக்கும் நியாயங்கள் இருந்தன. உறுப்பினர்களில் அரசாங்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கூட்டம் நடத்த அறை தருகிற இடத்தில் நிகழ்ச்சி விவரம் கேட்பார்கள். குழுவில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சமயப்பற்று மிகுந்த இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே வேறொரு புத்தகத் தேர்வில் முகம் சுளித்திருந்தன. வட்டம் உடைந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த இரவில் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

எங்களில் இருவர் அவர் பக்கம் நின்றார்கள் என்பதையும் பதிய வேண்டும். செய்தித்தாளிலேயே வந்துவிட்ட காரணத்தை நாம் ஏன் மறைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. பெரும்பான்மைப்படி செய்தி போனது.

பிறகு கவனித்தவை

ஜூலைக் கூட்டத்துக்கு நண்பர் வரவில்லை. ஆகஸ்டிலும் வரவில்லை. வட்டத்தின் பொதுப் புத்தகப் பெட்டி அவர் பொறுப்பில் இருந்தது. அதை ஒரு நாள் அறை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார். சொந்தப் புத்தகங்களை இணையத்தில் விற்கிறார் என்று பின்னால் தெரிந்தது. தூக்கம் சரியில்லை, படிக்க முடியவில்லை என்று துணைவரிடம் சொல்லியிருக்கிறார். துணைவர் சீனர், நண்பரைவிடச் சற்று மூத்தவர், அறிவியல் புனைவில் ஆர்வம் அறவே இல்லாதவர். “புத்தகத்தைப் போய் விற்கிறானே” என்று கவலைப்பட்டு என்னைத் தொடர்புகொண்டவர் அவர்தான்.

தோ பாயோவில் ஒரு கோப்பிக்கடையில் நண்பரைச் சந்தித்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கொசோங்’ தேநீர் ஆறிப்போகும் வரை குவளையைத் தொடவில்லை. அவர் சொன்னதைச் சுருக்காமல் தருகிறேன்.

“யாராச்சும் திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன் அக்கா. எல்லாரும் நல்லவங்களா இருந்தாங்க, அதான் பிரச்சினை. ஜூன் 18 ஹோங் லிம் பூங்காவுல பிங்க் டாட். ரெண்டு வருஷம் கழிச்சு நேர்ல நடந்துச்சு. வாசல்ல ஐசி கேட்டாங்க. சிங்கப்பூரரா, நிரந்தரவாசியான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க. இந்த நாட்டுல நான் இந்த நாட்டுக்காரன்தான்னு யாரோ சரிபார்த்து என்னை உள்ள விட்ட இடம் அது ஒண்ணுதான். மறுநாள் உங்க மெசேஜ் கண்ல பட்டுச்சு. தவிர்க்க முடியாத காரணம். அந்தக் காரணம் நான்தானே?”

பிங்க் டாட் என்பது பால்புதுமையினரும் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோர்) அவர்களை ஆதரிப்பவர்களும் கூடும் நிகழ்வு. 2017இலிருந்து ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் நடக்கும் இத்தகைய ஒன்றுகூடல்களில் வெளிநாட்டினர் பங்கேற்க அனுமதியில்லை. ஐசி, அதாவது அடையாள அட்டைச் சோதனை அதனால் வந்தது. வெளிநாட்டவரை விலக்கப் போட்ட விதி அவருக்கு வேறு மாதிரி வேலை செய்திருக்கிறது.

என் தொழில் பழக்கத்தில் ஆலோசனைச் சேவை ஒன்றைப் பரிந்துரைத்தேன். பால்புதுமையினருக்கென்றே இயங்கும் அமைப்புகள் இங்கே உண்டு. அவர் மறுத்தார். தனக்கு நோய் எதுவும் இல்லை என்றும், ஒரு வாக்கியத்தைத் திருத்தித் தந்தால் போதும் என்றும் சொன்னார். அன்று அது எனக்குப் பிடிவாதமாகப் பட்டது.

ஆகஸ்ட் 21 முதல் நவம்பர் 29 வரை

பிப்ரவரி 2022லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் 377ஏ பிரிவை இப்போதைய நிலையில் அமல்படுத்த முடியாது என்று சொல்லியிருந்தது. ஆகஸ்ட் 21 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அந்தப் பிரிவை நீக்கப்போவதாக அறிவித்தார். திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் என்ற வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்புச் சட்டத்தில் பாதுகாப்பு தரப்படும் என்றும் அதே உரையில் சொன்னார்.

வட்டத்தின் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. விவரம் தெரிந்த சிலர் நண்பருக்குத் தனியாகவும் அனுப்பினார்கள். அவர் யாருக்கும் பதில் போடவில்லை. எனக்கு மட்டும் உரையின் ஒரு பகுதியைக் கோடிட்டு அனுப்பினார். திருமண வரையறையைச் சார்ந்திருக்கும் கொள்கைகள் எவை, மாறப்போகாதவை எவை என்று பிரதமர் பட்டியலிட்ட இடம் அது: பொது வீடமைப்பு, கல்வி, தத்தெடுப்பு விதிகள், விளம்பரத் தரநிலை, திரைப்படத் தரப்பிரிப்பு. முதலாவதையும் கடைசியையும் நண்பர் வட்டமிட்டிருந்தார்.

வீடு ஏன் என்று சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: இங்கே காதலர்கள் ‘பிடிஓ போடலாமா’ என்று கேட்டால் அது திருமணப் பேச்சு. மணமாகப்போகிறவர்கள் இருபதுகளிலேயே பிடிஓ எனப்படும் புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒற்றையருக்கு 35 வயது வரை காத்திருப்பு. தன்பால் இணையர் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டு ஒற்றையர். அப்போது 33 வயதான நண்பர் பெற்றோர் வீட்டிலும், துணைவர் தன் அக்கா வீட்டிலும் இருந்தார்கள்.

நவம்பர் 29 நாடாளுமன்றம் 377ஏ நீக்கத்தை 93க்கு 3 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அரசமைப்புத் திருத்தமும் அன்றே நிறைவேறியது. தலைக்கு மேலே 84 ஆண்டுகள் தொங்கிய கத்தி போனது பெரிய விஷயம்தான், அதை நண்பரும் மறுக்கவில்லை. ஆனால் அவரைக் காயப்படுத்திய கத்தி அது இல்லை. ஜூனில் பிள்ளைகளைத் திரையரங்கு வாசலில் நிறுத்திய விதி டிசம்பரிலும் அப்படியே இருந்தது. குழுவில் வந்த வாழ்த்துகளுக்கும் அவர் மௌனத்துக்கும் இடையில் இருந்த இடைவெளி அதுதான்.

போவதா, இருப்பதா

2023 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விண்ணப்பிக்கும் வேலையில் இறங்கினார். ஆய்வகத் தொழில்நுட்பம் அவர் துறை. திறன் மதிப்பீடு வரை போனது. மெல்பர்னில் வேலைக்கு ஒரு நேர்காணலும் நன்றாக அமைந்தது.

என்னிடம் யோசனை கேட்டார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இங்கே இருக்க முடியாமல் போகிறாரா, அங்கே வாழ ஆசைப்பட்டுப் போகிறாரா என்று மட்டும் கேட்டேன். இரண்டையும் தனித் தனியாக எழுதிப் பார்த்தார். முதல் தாள் நிறைந்தது. இரண்டாவதில் ‘கல்யாணம்’, ‘குளிர்’ என்று இரண்டு சொல்தான் இருந்தன. குளிர் அவருக்குப் பிடிக்கும். அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை எந்தத் தாளிலும் வரவில்லை. ஆனால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வைத்தது அதுதான்.

இதற்கு நடுவில், நாடு இல்லாவிட்டால் என்ன, வாசகர் உலகம் இருக்கிறதே என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. வேர்ல்ட்கான் என்னும் உலக அறிவியல் புனைவு மாநாடு 2023 அக்டோபரில் சீனாவின் செங்டுவில் நடந்தது. விடுப்புக் கிடைக்காமல் அவர் போகவில்லை. அங்கே வழங்கப்பட்ட ஹியூகோ விருதுக்கான வாக்கு விவரங்கள் 2024 ஜனவரியில் வெளியானபோது, போதிய வாக்குப் பெற்ற சிலர் காரணம் சொல்லப்படாமல் ‘தகுதியற்றவர்’ ஆக்கப்பட்டிருந்தது தெரிந்தது. விருது நிர்வாகத்தில் இருந்த மேலை நாட்டவர்களே பரிந்துரை பெற்றவர்களின் எழுத்துகளில் சீன அரசுக்கு உவக்காதவை உண்டா என்று முன்கூட்டியே துருவியிருந்ததைப் பிப்ரவரியில் கசிந்த மின்னஞ்சல்கள் காட்டின. “இவங்களும் தவிர்க்க முடியாத காரணம்னு சொல்லிட்டாங்க” என்று செய்தி அனுப்பினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் எனக்கு அனுப்பிய முதல் நகைச்சுவை அது.

2024 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த வேர்ல்ட்கானுக்குப் போனார். 8ஆம் தேதியிலிருந்து 12 வரை மாநாடு, நடுவில் ஆகஸ்ட் 9, நம் தேசிய தினம். கால்சராயில் சின்னதாக வானவில் சின்னம் குத்திக்கொண்டு அஞ்சாமல் நடந்ததையும், பால்புதுமை எழுத்தைப் பற்றிய அமர்வுகளில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றதையும் சொன்னார். அங்கே ஓர் அமெரிக்கர், உங்கள் நாட்டில் இன்னமும் உங்களைச் சிறையில் போடுவார்களாமே என்று அனுதாபத்தோடு கேட்டிருக்கிறார். நண்பர் அரை மணி நேரம் விடாமல் பேசியிருக்கிறார்: நீக்கம், நூலகங்கள், இரவு இரண்டு மணிக்குப் பயமின்றி வீடு திரும்பும் தெரு. “நான் எதுக்கு சிங்கப்பூருக்கு வக்காலத்து வாங்கினேன்னு எனக்கே தெரியல” என்றார். ஊரை ஒருவர் குறை சொன்னதும் கோபம் வருகிறதென்றால், அந்த ஊர் இன்னும் விட்டுப்போகவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி எடுத்துக்கொண்டாரா என்று கேட்கவில்லை.

விளைவு

அதே ஆண்டு அவருக்கு 35 முடிந்தது. ஒற்றையர்கள் சேர்ந்து வாங்கும் திட்டத்தின் கீழ் நண்பரும் துணைவரும் தோ பாயோவில் பழைய மூவறை மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கி 2025இல் குடியேறினார்கள். பத்திரத்தில் இரண்டு ஒற்றையர். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து துணைவருக்குக் காரம் குறைத்துத் தனியாக மீன்குழம்பு வைக்கிறார். உறவினர் கேட்டால் ‘கூட்டாளி, சேர்ந்து வீடு வாங்கியிருக்காங்க’ என்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியக் கோப்பை நண்பர் மூடவும் இல்லை, தொடரவும் இல்லை.

வட்டத்துக்கு 2024 இறுதியில் திரும்பினார். அதற்கு முன் ஏற்பாட்டாளர்கள் ஒன்று செய்தோம். 2022 ஜூன் செய்தியைத் திருத்தி, ரத்தானதன் உண்மைக் காரணத்தைக் குழுவில் மூன்று வரியில் எழுதினோம். நண்பரின் பெயர் அதில் இல்லை. இரண்டு குடும்பங்கள் விலகும் என்று பயந்தோம். ஒரு குடும்பம் விலகியது. சமயப்பற்று மிகுந்த மற்றொரு குடும்பத்தின் தலைவி, இது தெரிந்திருந்தால் பிள்ளைகளிடம் நானே வேறு விதமாகச் சொல்லியிருப்பேனே என்று வருத்தப்பட்டார். புத்தகப் பெட்டி மறுபடி நண்பர் வீட்டில் இருக்கிறது. விற்ற புத்தகங்களில் சிலவற்றை இரண்டாம் கையாகத் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறார், விற்றதைவிட அதிக விலைக்கு.

நடைமுறையில் மாற்றியவை

ரத்து, மாற்றம் எதுவானாலும் காரணத்தை உள்ளபடி அறிவிப்பில் எழுதுகிறோம். தரப்பிரிப்பு காரணமென்றால் தரத்தையும் ஆணையம் சொன்ன காரணத்தையும் சேர்த்து. அது அரசாங்கமே வெளியிட்ட தகவல், அதைத் திருப்பி எழுதுவதில் ஆசிரியருக்கோ அறை தருகிறவருக்கோ ஆபத்தில்லை என்று பின்னர் விசாரித்துத் தெளிந்தோம். அன்றிரவே விசாரித்திருக்கலாம்.

முடிவு யாரை நேரடியாகத் தொடுகிறதோ அவருக்கு அறிவிப்பின் வாசகத்தை முதலில் காட்டுகிறோம். அவர் கேட்கும் திருத்தம் முடியாது என்றால், ஏன் முடியாது என்று நேரில் சொல்கிறோம். ஒருவர் குறிப்பாக ஒன்றைக் கேட்கும்போது அதை விட்டுவிட்டு ஆலோசனைச் சேவைக்கு அனுப்புவதில்லை.

பிள்ளைகள் வரும் திரையிடலுக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தரப்பிரிப்பு வந்த பிறகே முடிவு செய்வோம் என்கிறார்கள் ஒரு சாரார். அப்படிச் செய்தால் இத்தகைய படங்கள் பட்டியலுக்கே வராது என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரி. ஆனால் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆசை காட்டி நிறுத்துவதும் சரியில்லை. தற்போதைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் பிள்ளைகளுக்கு ஒரு திரையிடல், பெரியவர்களுக்குத் தனியே ஒன்று என்று நடத்துகிறோம். அடுத்த திட்டக் கூட்டத்தில் இது மறுபடி பேச்சுக்கு வருகிறது. அந்தக் குறுஞ்செய்தி அனுப்பிய தந்தையும் திட்டக் குழுவில் இருக்கிறார். அவரிடம் அதைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பதை நண்பருக்கே விட்டிருக்கிறோம்.